வாரக் கூலி வீட்டில் கடன் தீராமல் இழுப்பது ஏன்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த லைன் வீடுகளில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டு என் கையில் இருப்பதால், குழுக் கணக்கோடு வீட்டுக் கணக்கும் பேச்சில் வந்துவிடும். “எவ்வளவு கட்டினாலும் தீர மாட்டேன் என்கிறது அக்கா” என்று வந்து உட்காருபவரிடம் “சிக்கனமாக இரு” என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அவர் ஏற்கெனவே சிக்கனமாகத்தான் இருக்கிறார். ஒரு வீட்டில் கூலி வரும் கிழமைக்கும் தவணைக் கிழமைக்கும் பொருத்தம் இல்லை. இன்னொரு வீட்டில் வட்டி தின்கிறது. மற்றொரு வீட்டில் வேலையே குறைந்துவிட்டது. எது என்று தெரியாமல் காய்கறியைக் குறைத்துப் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தாள்

கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் தமக்குத் தெரிந்த கடன்களை எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரிடம் வாங்கினோம், கையில் வந்த தொகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு, தவணை எந்தக் கிழமை, நகையா புரோநோட்டா வெற்றுக் காசோலையா எதைக் கொடுத்திருக்கிறோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மளிகைக் கடை பாக்கி, கம்பெனியில் வாங்கிய அட்வான்ஸ், அண்ணனிடம் வாங்கிய கைமாற்று, திரும்பச் செய்ய வேண்டிய மொய் ஆகிய நான்கும் முதல் தடவையில் விட்டுப்போகும். அவற்றையும் சேருங்கள்.

அடுத்து, எல்லா வட்டியையும் ஆண்டு வட்டியாக மாற்றுங்கள். நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். தண்டலில்தான் ஏமாந்துபோகிறோம். 10,000 ரூபாய்த் தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள். நாள் ஒன்றுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டுகிறோம். “1,500தானே வட்டி” என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஐம்பதாம் நாள் உங்கள் கையில் அவர் பணம் பாதிதான் இருக்கும். அதைக் கணக்கில் எடுத்தால் இது மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி, ஆண்டுக்கு 120 சதவீதத்தை ஒட்டி வரும். இதைப் போட்டுக் காட்டிய அன்று எதிரில் இருந்த பெண் பென்சிலை வாங்கி இரண்டு முறை தானே போட்டுப் பார்த்தார்.

அறிகுறி: சனிக்கிழமை வாங்கிய கூலி செவ்வாய்க்குள் தீர்ந்துவிடுகிறது

கூலி வாரத்துக்கு ஒரு முறை வருகிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், வண்டித் தவணை மாதத்துக்கு ஒரு முறை. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் வாரக் கூலியை முழுதாக வாடகை விழுங்கிவிடும். அந்த வாரச் சாப்பாட்டுக்குத் தண்டல் வாங்குவோம். பணம் போதாததால் வந்த கடன் இல்லை இது, தேதி ஒத்துப்போகாததால் வந்தது.

மாதச் செலவுகளை மட்டும் கூட்டுங்கள். 10,000 வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சனிக்கிழமையும் 2,500 ரூபாயைக் கூலி கைக்கு வந்த அன்றே தனியாக எடுத்துவிடுங்கள். வீட்டில் வைத்தால் கரைந்துவிடும்; வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு, அதன் ஏடிஎம் அட்டையைப் பர்ஸில் வைக்காமல் இருங்கள். மீதி அந்த வாரத்துக்கு. வியாழக்கிழமை கை காலியானால் சனி வரை பொறுக்க வேண்டியது மளிகைதான், வாடகைப் பணத்தைத் தொடக்கூடாது.

இதில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆண்டில் குறைந்தது நான்கு மாதங்களுக்கு ஐந்து சனிக்கிழமை வரும். வாடகை நான்கு வாரத்திலேயே சேர்ந்துவிட்டதால் ஐந்தாவது சனிக்கிழமை எடுக்கும் 2,500 மீதம். நான்கு முறைக்கு 10,000. காலண்டரில் அந்தச் சனிக்கிழமைகளை இப்போதே வட்டமிட்டு, அந்தப் பணம் எந்தக் கடனுக்கு என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். என் வீட்டில் முதன்முதலாகத் தீர்ந்த தண்டல் இந்த ஐந்தாம் வாரப் பணத்தால்தான் தீர்ந்தது.

மின்கட்டணத்தில் ஒரு சிறு சோதனை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும் என்பது பலருக்குத் தெரியாது. 500ஐ ஒட்டி வரும் வீடு என்றால் மீட்டர் எண்ணை வாரத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்

திங்கள் ஒரு குழுக் கடன் தவணை, புதன் ஒரு குழு, வெள்ளி ஒரு குழு. வெள்ளிக் குழுவுக்குக் கட்ட நான்காவதாக ஒன்று. இதைச் சுழற்சி என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. சுழற்சி நிற்கும் நாளில் நான்கு தவணையும் ஒரே வாரத்தில் விழும்.

நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதி ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுப்பதே நுண்கடன். அந்தக் குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. உங்கள் தாளில் உள்ள தவணைகளைக் கூட்டிப் பாருங்கள். பாதியைத் தாண்டியிருந்தால், “இன்னொரு கடன் தருகிறோம்” என்று வாசலுக்கு வருபவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை.

கடனை அடைக்கக் கடன் வாங்குவதை அடியோடு கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நிபந்தனையோடு வாங்கலாம். புதுக் கடனின் ஆண்டு வட்டி பழையதைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். பணம் வந்த அன்றே பழைய கடன் முழுதாக முடிந்து, புரோநோட்டு கைக்குத் திரும்ப வேண்டும். வாரத் தவணையும் முன்பு கட்டியதைவிடக் கூடக்கூடாது. வீட்டில் இரண்டு சவரன் இருந்தும் அதை வைக்க மனமில்லாமல் 120 சதவீதத் தண்டல் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்திலோ அரசு வங்கியிலோ நகைக்கு ஆண்டுக்குப் பத்துச் சதவீதத்தை ஒட்டித்தான் வட்டி. மகளிர் சுயஉதவிக்குழு வழியாக வரும் வங்கிக் கடனும் அந்த அளவுக்கு உள்ளேயே கிடைக்கும். நூற்றுக்குப் பத்து மாத வட்டியிலிருந்து இங்கே மாறுவது வெட்கப்பட வேண்டிய காரியமே இல்லை.

உங்கள் பெயரில் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த குழுக் கடன் இருந்தால் அதை உங்கள் கடனாகவே தாளில் எழுதுங்கள். அவர் கட்டாவிட்டால் கேட்கப்போவது உங்களிடம்தான். எத்தனை நெருக்கமானவர் கேட்டாலும் இனிப் பெயர் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: தவறாமல் கட்டுகிறோம், அசல் குறையவில்லை

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுபவர்களுக்கு இது நேரும். 40,000 பாக்கி, மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,400, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. நீங்கள் கட்டிய 2,000 ரூபாயில் அசலுக்குப் போனது 348. அத்துடன், முந்தைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டை முதலில் எடுத்து வையுங்கள், செயலிகளில் சேமித்து வைத்த எண்ணையும் நீக்குங்கள். பிறகு வங்கிக்கு எழுதி, பாக்கியை மாதத் தவணையாக மாற்றக் கேளுங்கள். பெரும்பாலும் குறைந்த வட்டியில் மாற்றித் தருவார்கள். “செட்டில்மென்ட்” என்று ஒரு தொகைக்கு முடிக்க அவர்கள் சொன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது முழுதாக அடைத்த கடனாகப் பதிவாகாது, பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். வேறு வழியே இல்லாதவர்கள் செய்யலாம், எழுத்தில் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

எதை முதலில் அடைப்பது? வட்டி கூடியதை முதலில் அடைப்பதுதான் கணக்குப்படி சரி. ஆனால் இன்னும் மூன்று தவணையில் முடியும் சிறு கடன் ஒன்று தாளில் இருந்தால் அதை முடித்துவிடச் சொல்வேன். வாரக் கூலி வீட்டில் ஒரு தவணை நின்றுபோவது மூச்சு விட இடம் தரும், அந்தத் தவணைப் பணம் அடுத்த வாரமே பெரிய கடனுக்குப் போகும். உறவினர் வட்டியில்லாமல் கொடுத்த கைமாற்றுக்கு மாதம் 200 ரூபாயாவது கொடுத்து வாருங்கள். அவர் கேட்கவில்லை என்பதற்காகக் கடைசியில் தள்ளினால் உறவு கசந்துவிடும்.

அறிகுறி: நகை ஏலத்துக்குப் போவதாகக் கடிதம்

அலமாரியில் வைக்காமல் அன்றைக்கே அடகுச் சீட்டை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் நகைகளில் ஒன்றை விற்று மற்றவற்றை மீட்பது ஏலத்தைவிட நல்லது. நீங்களே விற்றால் அன்றைய விலையைப் பேசலாம். ஏலம் நடந்தே விட்டால், கடன், வட்டி, செலவு போக மிஞ்சும் தொகை உங்களுடையது. எழுதிக் கேட்டு வாங்குங்கள். தங்கம் விலை ஏறிய ஆண்டுகளில் அது சிறு தொகையாக இருப்பதில்லை.

2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து சவரனுக்கு உட்பட்ட நகைக்கடன்கள் தகுதியுள்ளவர்களுக்குத் தள்ளுபடி ஆனது. அன்றிலிருந்து, அடுத்த தேர்தலில் மீண்டும் வரும் என்று வட்டி கட்டாமல் காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். வந்தால் வரட்டும், வீட்டுக் கணக்கில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: வாசலில் ஆள், ஓயாத போன், மிரட்டல்

கடன் வாங்கியவருக்கும் மரியாதை உண்டு என்பதைச் சட்டமே சொல்கிறது. வங்கியும் நிதி நிறுவனமும் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. நுண்கடன் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரைதான். கெட்ட வார்த்தை பேசுவது, உறவினருக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் சொல்லி அவமானப்படுத்துவது எதற்கும் அனுமதி இல்லை. நுண்கடனில் தவணை தவறினால் அபராதம் தவறிய தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் போடக்கூடாது. மீறினால் நாள், நேரம், பேசியது எல்லாவற்றையும் எழுதி முதலில் அந்த நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், தகவலுக்கு 14448.

தனி நபரின் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி என்றால் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறையும் 30,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். அரசு நிர்ணயித்த வட்டியோடு கடன் தொகையை நீதிமன்றத்தில் செலுத்திவிட்டுக் கடனை முடிக்கவும் அந்தச் சட்டத்தில் வழியுண்டு. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீயில் கருகியதை இந்த மாநிலம் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள், காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும், அழைக்க 15100. தனியாகப் போகப் பயமாக இருந்தால் குழுவிலிருந்து நான்கு பேர் சேர்ந்து போங்கள்.

செல்போன் செயலிக் கடன் வேறு வகை. முறையான கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக்கூடாது, பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். படத்தை மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டுபவனுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஒரு முறை பயந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பான். 1930க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். தொடர்பு எண்ணில் உள்ளவர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு “என் போன் தவறானவர் கையில் சிக்கியிருக்கிறது” என்று செய்தி அனுப்பிவிட்டால் அவன் கையில் மிரட்ட ஒன்றும் இருக்காது.

அறிகுறி: எல்லாம் சரியாகப் போனது, ஒரு செலவு கவிழ்த்துவிட்டது

அது மருத்துவச் செலவு என்றால்: கூலிச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனியும் அந்தத் திட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால் அது உங்கள் உரிமை. பிடித்தம் நடந்தும் அட்டையே வாங்காமல் தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிக் கட்டியவர்கள் எங்கள் வரிசையிலேயே இருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம்வரை தருகிறது. காப்பீட்டு அட்டையை நோய் வருவதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் மருந்து வாங்குபவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பெறலாம்.

பள்ளிக் கட்டணம் என்றால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தண்டல் வாங்கித் தனியார் பள்ளிக்குக் கட்டுவது பிள்ளைக்குச் செய்யும் நன்மை என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, உயர்கல்விக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் வந்திருக்கின்றன. ஐந்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் உள்ள வீட்டில் இந்தப் பேச்சை எடுங்கள்.

விசேஷம் என்றால் மொய் நோட்டைத் திறந்து, இந்த ஆண்டு யாருக்கெல்லாம் திருப்பிச் செய்ய வேண்டும் என்று முகூர்த்த மாதங்களுக்கு எதிரே குறியுங்கள். ஆவணியிலும் தையிலும் வரும் பத்திரிகைகள் எதிர்பாராத செலவே இல்லை.

அறிகுறி: வேலை குறைந்துவிட்டது

2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஒன்றரை ஷிப்டு பார்த்தவர்கள் ஒரு ஷிப்டுக்கு இறங்கினார்கள். அப்படிப்பட்ட மாதத்தில் எல்லாக் கடனையும் கட்ட முயன்றால் எல்லாமே பாதியில் நிற்கும். சாப்பாடு, வாடகை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு முதலில். அடுத்து அடமானம் உள்ள கடன்கள். மற்றவர்களிடம் தவணை நாளுக்கு முன்பே போய், இவ்வளவுதான் முடியும் என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். வருவதற்கு முன் போய்ச் சொன்னவரிடம் பேசும் குரல் வேறு, ஒளிந்தவரைத் தேடிப் பிடித்துப் பேசும் குரல் வேறு. ரேஷனில் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கடையில் கூட்டம் என்று விட்டுவிடாதீர்கள். மகளிர் உரிமைத்தொகை வரும் கணக்கில் வங்கி பழைய பாக்கிக்காகப் பணம் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

தீபாவளி போனஸைப் பற்றி: முழுவதையும் கடனுக்கும் துணிக்கும் கொடுத்துவிட்டால், ஊருக்குப் போனவர்கள் திரும்பிக் கம்பெனி ஓடத் தொடங்கும்வரை கூலி இருக்காது. புதுத் தண்டல் பிறப்பது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். போனஸ் வந்த அன்றே இரண்டு வாரச் சாப்பாட்டுப் பணத்தை ஒதுக்கிவிட்டு மீதியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லை, தூக்கம் வரவில்லை

கணவர் தாளில் இருந்த கடன் மனைவி தாளில் இல்லை, அல்லது மனைவி வாங்கியது கணவருக்குத் தெரியாது. அந்த இரவில் யார் மேல் தவறு என்று தொடங்காதீர்கள். மறைத்தவர் பெரும்பாலும் பயத்தில் மறைத்தவர். குடிக்குப் போகும் பணம் என்றால் மட்டும் கணக்கு நோட்டால் அது தீராது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போக வேண்டிய நோய் அது.

வாழ்வதே எதற்கு என்ற நினைப்பு ஒரு முறை வந்திருந்தாலும் தாளை மடித்து வைத்துவிட்டு 104 அல்லது 14416 எண்ணுக்கு அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள். தவணை காத்திருக்கட்டும்.

கடைசித் தவணை கட்டும் நாளில்

பணத்தை நீட்டும் முன்பே திரும்ப வாங்க வேண்டியவற்றைக் கேளுங்கள்: புரோநோட்டு, வெற்றுக் காசோலைகள், பாஸ்புக், ரேஷன் அட்டை, ஏடிஎம் அட்டை, கொடுத்தது எதுவானாலும். புரோநோட்டைக் கண்ணெதிரே குறுக்கே கோடு போட்டு, ‘பணம் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கிப் பத்திரமாக வையுங்கள், கிழித்துப் போடாதீர்கள். “நோட்டு ஊரில் இருக்கிறது, பிறகு தருகிறேன்” என்றால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள், இரண்டு சாட்சியோடு. வங்கி, நிதி நிறுவனம் என்றால் பாக்கி இல்லை என்ற சான்று. இரண்டு மாதம் கழித்துச் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். அடைத்த கடன் அதில் இன்னும் திறந்தே இருந்தால், கையில் உள்ள சான்றை இணைத்து அன்றைக்கே திருத்தம் கேட்டு எழுதுங்கள்.